கை பார்க்கும் கிளி

தேங்காய் எண்ணெயும் பார் சோப்பும் கலந்து வருகிற ஒரு வாசனை உண்டு; அதற்கு அடியில், எத்தனை முறை கழுவினாலும் போகாமல், தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் கிடக்கும் காகிதக் குப்பையின் நெடி லேசாக இருக்கும். எங்கள் பக்கத்து வீட்டுப் பாக்கியத்தின் கைகளில் வந்த வாசனை அது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்தச் சில ஆண்டுகளில், திருத்தங்கலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், சாயங்காலம் அந்த வாசனை வாசற்படி ஏறினால்தான் என் மகள் நிலா சாப்பிடுவாள். அவளோடு சேர்ந்து ஒரு கிளியும் சாப்பிடும்.

இளமைக்கால நினைவு என்று எழுத உட்காருகிறவர்கள் அவரவர் இளமையை எழுதுவதுதான் முறை. என் இளமையில் எழுதும்படியாக எதுவும் நடக்கவில்லை. தேர்வுகள் நடந்தன, நான் தேறினேன், அவ்வளவுதான். ஆகவே என் மகளின் இளமையை எழுதுகிறேன். அவளுக்கு அதில் பாதி மறந்துவிட்டது. கோப்புகள் தொலையாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே பணிக்காலம் முழுவதும் சம்பளம் வாங்கியவன் என்பதால் எனக்கு மறக்கவில்லை.

நான் விருதுநகரில் அரசு அலுவலகம் ஒன்றில் பட்டாசு உரிமக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பட்டாசு அறைக்கும் இன்னொரு அறைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், வாசலில் மணல் வாளி எங்கே இருக்க வேண்டும் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் மனைவி அதே ஊரில் பள்ளி ஆசிரியை. இருவரும் காலையில் ஒரே பேருந்தில் போய், இருட்டுகிற நேரத்துக்கு வந்து சேருவோம். இடைப்பட்ட நேரத்தில், பள்ளிவிட்டு வரும் நிலாவைப் பார்த்துக்கொண்டது பாக்கியம். அவள் நாரணாபுரம் பக்கம் ஒரு கம்பெனியில் சரவெடி பின்னுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடிந்ததும் கம்பெனி வேன் தெருமுனையில் வந்து ஏற்றிக்கொண்டு போகும். பள்ளிக்கூடம் விடுகிற வேளைக்குத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடும். ஆபத்தான இடத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதி வைப்பது என் வேலை. அந்த இடத்தில் போய் உட்கார்ந்திருப்பது அவள் வேலை.

நிலாவுக்குச் சத்தம் ஆகாது. அந்த வட்டாரத்தில் பிறந்த குழந்தைக்கு இது ஒரு வசதியான குணம் அல்ல. சீசன் தொடங்கிவிட்டால் ஏதாவதொரு கம்பெனியில் "டிரையல்" பார்ப்பார்கள். எங்கோ தூரத்தில் ஒரு வெடி போட்டுப் பார்த்தால் இவள் இங்கே பென்சிலைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவாள். இதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் தெருவில் காகிதக் கடை வைத்திருந்த காதர் பாய் ஒருநாள் செருப்பு அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு எதையோ கொண்டுவந்தார். சென்னையில் அவரிடம் காலண்டருக்கு ஆர்டர் கொடுக்கிறவர் ஒருவர் மொட்டைமாடியில் வெளிநாட்டுப் பறவைகளை வளர்த்தாராம். குஞ்சு பொரித்ததில் ஒன்றைப் பாய்க்குக் கொடுத்திருந்தார்.

"பிள்ளைக்குத் துணைக்கு ஒரு உசிரு வேணும் சார்" என்று சொல்லிப் பெட்டியைத் திறந்தார்.

மைனாவைவிடக் கொஞ்சம் பெரிதாக, மங்கிய பச்சையில் ஒரு கிளி உள்ளே உட்கார்ந்திருந்தது. நெற்றியிலும் வயிற்றிலும் மட்டும் யாரோ ஆரஞ்சு வண்ணம் தொட்ட விரலைத் துடைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். கறுத்த அலகு.

நான் பின்வாங்கினேன். "பாய், கிளி வளர்த்தா கேஸு. உங்களுக்குத் தெரியாததா?"

"பச்சைக்கிளி வளத்தாத்தான் சார் கேஸு. இது ஃபாரின் கிளி."

"இதுவும் பச்சையாத்தானே இருக்கு."

"வெண்டைக்காகூடப் பச்சையாத்தான் இருக்கு. அதுக்குக் கேஸா போடுறாக?"

பெயர் என்ன என்று கேட்டதற்கு, "ஏதோ கனூர்னு சொன்னாரு. கண்ணூர்ப் பக்கம் இருந்து வந்திருக்கும் போல" என்றார். அதற்கு மேல் அவர் விசாரிக்கவில்லை. நான் மறுநாள் அலுவலகத்தில் வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணைகளை வரிவரியாகப் படித்தேன். நம் ஊர்க் கிளிகள் அத்தனையும் அதில் இருந்தன. கனூர் என்பது கண்ணூர் அல்ல, தென் அமெரிக்கக் கிளி வகை என்று அகராதி சொன்னது; அப்படி எதுவும் அன்று அதில் இல்லை. சட்டப்படி நான் குற்றவாளி அல்ல. ஆனால் சட்டம் தெரிந்தவன் என் வீட்டுக்கு வரப்போவதில்லை. பச்சையாக ஒன்றைக் கண்டு "மொட்டைப் பெட்டிஷன்" எழுதிப் போடுகிறவன்தான் வருவான் என்பதும் எனக்குத் தெரியும். கையெழுத்தில்லாத மனுவுக்கு என்ன மதிப்பு என்பதற்கு விதி இருக்கிறது; அது வந்த பிறகு ஒரு மனிதன் எத்தனை மேசைகளுக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கும் என்பதற்கு விதி இல்லை. விருந்தாளி வந்தால் கூண்டின் மேல் துண்டைப் போட்டு மூடினேன். கிளி துண்டுக்குள்ளிருந்து, தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி, தெருமுனை வரை கேட்கும்படி கத்தியது. விருந்தாளிகள் நாகரிகமாகத் துண்டைப் பார்க்காமல் காப்பி குடித்தார்கள்.

நிலா அதற்குப் "பச்சை" என்று பெயர் வைத்தாள். அவள் வாழ்க்கையில் எடுத்த முதல் அவசர முடிவு அது.

இனி அந்தக் கை விஷயத்தைச் சொல்ல வேண்டும். சரம் பின்னுகிறவர்களின் கை சாயங்காலம் வெள்ளிப் பாத்திரம் போல இருக்கும். அலுமினியத் தூள். உள்ளங்கை, புறங்கை, நகக்கண், முழங்கை வரை ஒரே மினுமினுப்பு. அந்தக் கையோடு பாக்கியம் எந்தப் பொருளையும் தொடமாட்டாள். முதலில் எண்ணெய், பிறகு சோப்பு, பிறகு மறுபடி சோப்பு. தன் பிள்ளைகள் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் மாமியாரிடம் கையை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் குழந்தையை வாங்குவாளாம். அந்தத் தெருவில் கம்பெனிக்குப் போய்வருகிற பெண்கள் எல்லாருக்குமே அந்த வழக்கம் இருந்தது. பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அவளுக்கு அது போகவில்லை. எங்கள் வீட்டுக்குள் வரும்போது நிலாவின் முன்னால் நின்று, "இந்தா முன்ன, இந்தா பின்ன" என்று கையைத் திருப்பிக் காட்டுவாள். நிலா ஆய்வாளரைப் போல நகக்கண்ணைக்கூட உற்றுப் பார்த்துவிட்டு, "பாஸ்" என்பாள். அதற்குப் பிறகுதான் தலை பின்னுவது, சோறு பிசைவது, கிளிக்குக் கொய்யாப்பழம் நறுக்கி ஊட்டுவது எல்லாம்.

கிளி இந்த நடைமுறையை எங்களைவிட வேகமாகக் கற்றுக்கொண்டது. கை திரும்பினால் சாப்பாடு வரும் என்பது அதன் கணக்கு. சீக்கிரமே, திருப்பிக் காட்டாத கையிலிருந்து எதையும் வாங்க மறுத்தது. நான் வேர்க்கடலையை நீட்டினால் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அலுவலகத்தில் என்னிடம் கையெழுத்துக்கு வருகிறவர்கள் நிற்பது போல நான் என் வீட்டில் ஒரு கூண்டின் முன்னால் நின்றேன்.

அந்த ஆண்டு ஆடிக் காற்றோடு வேறொன்று தொடங்கியது. பச்சையின் கழுத்தோரம் நிறம் வெளுத்தது. பிறகு தோளில் ஒரு திட்டு மஞ்சளானது. பிறகு முதுகில். கூண்டின் அடியில் பச்சை இறகுகள் உதிர்ந்துகொண்டே இருந்தன; மேலே கிளி நாளுக்கு நாள் மஞ்சளாகிக்கொண்டே போனது. என் வரைக்கும் இதில் ஒரு நன்மை இருந்தது: அது மஞ்சளாக மஞ்சளாக என் வேலைக்கு இருந்த ஆபத்து குறைந்தது. அதன் உயிருக்கு ஆபத்து வந்துவிட்டது என்றுதான் தெரு முழுவதும் நினைத்தது.

வேறு ஊராக இருந்தால் கிளி நிறம் மாறுகிறது என்று வேடிக்கை பார்த்திருப்பார்கள். எங்கள் ஊரில் உடம்பில் நிறம் ஏறுவது வேடிக்கை அல்ல. வெள்ளி ஏறினால் சரம் பின்னுகிற கை, மஞ்சள் ஏறினால் கந்தகம் சலிக்கிற கை, சிவப்பும் நீலமும் ஏறினால் அச்சகத்தில் மை கழுவுகிற கை. நிறம் என்பது வெளியிலிருந்து வந்து உடம்பில் ஒட்டுவது. ஒட்டியது உள்ளே போகும். உள்ளே போனால் இருமலாக வரும். இது அங்கே பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் தெரியும். அதனால் எதிர்வீட்டுப் பெண் கூண்டை எட்டிப் பார்த்துவிட்டு, "மருந்து ஏறிருச்சு இதுக்கு" என்று சொன்னபோது அதை மறுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

வெடிமருந்தைத்தான் அங்கே மருந்து என்பார்கள். அது யார் கை மருந்து என்பதை யாரும் சொல்லவில்லை. பாக்கியமே சொல்லிக்கொண்டாள்.

"எங் கையிதான் சார். வேற யாரு அதைத் தொடுறா. எம்புட்டுக் கழுவுனாலும் நகத்துக்குள்ள இருக்கத்தான செய்யும்."

"உன் கையில இருக்கிறது வெள்ளி. இது மஞ்சள்" என்றேன்.

"வெள்ளிக்குள்ள கந்தகம் இல்லையா சார்? உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரிந்ததுதான். எந்தக் கலவையில் எது எவ்வளவு என்று கோப்பில் கையெழுத்துப் போடுகிறவன் நான்.

அடுத்த நாளிலிருந்து அவள் கிளியைத் தொடவில்லை. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நிலாவின் தலையைப் பின்னுவதையும் நிறுத்தினாள். சோற்றைப் பிசைந்து கொடுக்காமல் கரண்டியால் போட்டுவிட்டு, நிலைப்படிக்கு அந்தப் பக்கம் போய், முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஏன் அத்தை இங்க வரமாட்டேங்கிறீங்க?" என்று நிலா கேட்டதற்கு, "ஒரு பிடி இல்லாத குருவியையே இப்படி ஆக்கிருச்சு. நீ சின்னப்பிள்ள ஆத்தா" என்று மட்டும் சொன்னாளாம். அவளுடைய சொந்தப் பிள்ளைகள் இரண்டும் அந்தக் கையால்தான் சாப்பிட்டு வளர்ந்திருந்தன. அதை நினைத்துத்தான் அவள் முகம் அப்படிக் கறுத்துப்போனது என்று என் மனைவி சொன்னாள்.

நிலா தானே கையை நன்றாகக் கழுவி, திருப்பிக் காட்டி, கிளிக்கு ஊட்டிப் பார்த்தாள். அது சாப்பிட்டது, ஆனால் சாயங்காலமானால் நிலைப்படியையே பார்த்துக் கத்தியது. சில நாட்களில் நெஞ்சு இறகைத் தானே கொத்திப் பிடுங்கத் தொடங்கியது. மஞ்சள் உடம்பில் நெஞ்சுக்குழி மட்டும் வெறும் தோலாகத் தெரிந்தது. நோய் முற்றிவிட்டது என்பதற்குத் தெருவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. நிலா பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவருவதை நிறுத்திவிட்டு மெதுவாக நடந்துவர ஆரம்பித்தாள். காரணம் கேட்டேன். "சீக்கிரம் வந்தா சீக்கிரம் தெரிஞ்சுரும்" என்றாள்.

விடுப்பு எடுத்துக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு ஆடுகளும் ஒரு கன்றுக்குட்டியும் நின்றன. மருத்துவர் நேர்மையான மனிதர். "சார், நான் மாட்டு டாக்டர். கிளிக்குக் காமாலை வருமான்னு நான் படிச்சதில்ல. சாப்பிடுதா?"

"சாப்பிடுது."

"கத்துதா?"

வெளியே நின்ற ஆடுகள் மிரண்டிருந்ததே போதிய பதில். "அப்ப நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, குழந்தைகளுக்குக் கொடுக்கிற சத்துச் சொட்டுமருந்து ஒன்றை எழுதிக் கொடுத்தார். சீட்டில் ஒரே ஒரு வரி. இவ்வளவு சுருக்கமாக எழுதப்பட்ட எதையும் நான் நம்பிப் பழகியவன் அல்ல; நாங்கள் யாரும் நம்பவில்லை.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. எனக்கு விடுமுறை, தீபாவளி நெருங்குகிற நேரத்தில் கம்பெனிகளுக்கு அப்படியொரு கிழமை கிடையாது. பாக்கியம் காலையிலேயே போயிருந்தாள். என் மனைவி சமையலறையில் இருந்தாள். நிலா கூண்டைத் திறந்து வைத்துச் சூரியகாந்தி விதையை ஒவ்வொன்றாக உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். முதலில் தரை ஒரு தடவை குலுங்கியது. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. அதற்கும் பிறகு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

டிரையலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தெருவில் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தன. எல்லாரும் மொட்டைமாடிக்கு ஓடினார்கள். சத்தம் கேட்டால் மாடிக்கு ஏறிப் புகை எந்தத் திசையில் என்று பார்ப்பதும், அந்தத் திசைக்கு யார் யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று பெயர் சொல்லிப் பார்ப்பதும் அங்கே அனிச்சைச் செயல்.

"எங்கன?"

"அந்தா, நாரணாபுரம் பக்கம்."

"வெள்ளையா இருக்கா, கறுப்பா இருக்கா?"

"தெரியலடி. எனக்குக் கண்ணு மறைக்குது. நீ பாரு."

புகை வெள்ளையாக எழுந்து கலைந்துவிட்டால் வெளியில் காயப்போட்ட வெடி. கறுத்து ஒரே இடத்தில் நின்றால் "ரூம்", அதாவது ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்கிற அறை. அன்று அது சாம்பல் நிறத்தில், எதையும் உறுதியாகச் சொல்லாமல் நின்றது. எதிர்வீட்டுப் பெண் விரல்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "சாந்தி போயிருக்கா. வள்ளி போயிருக்கா. பாக்கியம் போயிருக்கா." பாக்கியத்தின் கணவர் முருகேசன் அச்சகத்திலிருந்து சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் வந்து, பைக்கைத் திருப்பிக்கொண்டு அந்தத் திசைக்குப் போனார்.

அப்போது யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். நிலா. காதைப் பொத்தியிருக்கவில்லை. கட்டிலுக்கடியிலும் போகவில்லை. குனியச் சொல்லி, என் காதில், "அப்பா, பச்சை போயிருச்சு. யார்ட்டயும் சொல்லாதீங்க" என்றாள்.

எல்லாரும் ஓடிய வேகத்தில் வாசல் கதவும் திறந்து, கூண்டும் திறந்து கிடந்திருக்கிறது. எங்கே என்று நான் கேட்பதற்குள் கண்ணாலேயே காட்டினாள். தெருவுக்குக் குறுக்கே போகிற கேபிள் டிவி ஒயரில், காற்றில் ஆடிக்கொண்டு, அந்தச் சாம்பல் வானத்துக்கு முன்னால் மஞ்சளாக உட்கார்ந்திருந்தது. இன்னொரு சத்தம் கேட்டால் போய்விடும். போனால் அந்த ஊரில் ஒரு பருந்துக்கோ பூனைக்கோ எத்தனை நேரம் ஆகும். அவள் கையில் விதையை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள், கூப்பிடவில்லை. ஆளைத் தேடுகிற நேரத்தில் கிளியைத் தேடக் கூடாது என்பது அவளுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

நான் கீழே இறங்கிப் போய்த் தொலைபேசியை எடுத்தேன். இந்த மாதிரி நேரத்தில் தகவல் முதலில் யாருக்குப் போகும், அவர் யாருக்குச் சொல்வார், அறிக்கை எத்தனை பிரதிகளில் தயாராகும், எந்தப் பத்தியில் காரணம், எந்தப் பத்தியில் பெயர்கள் என்பது எனக்கு மனப்பாடம். தெரிந்த எண்கள் எல்லாவற்றையும் சுற்றினேன். "விவரம் இன்னும் வரலை சார்" என்றார்கள். நானே அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து பலருக்குச் சொன்ன வாக்கியம். அது எவ்வளவு சரியான வாக்கியம் என்பது எனக்குத் தெரியும். மறுமுனையில் இருந்து கேட்பது அதுதான் முதல் தடவை. பெயர்கள் என்ற அந்தப் பத்தியை மட்டும் நினைக்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை.

மறுபடி தெருவுக்கு வந்தபோது கண்மாய்க் கரைப் பாதையில் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். வேன் இல்லை, நடந்து, சிலர் ஓடி. தூரத்தில் எல்லாருடைய கையும் ஒன்றுபோல மின்னியது. மாடியில் இருந்தவர்கள் இறங்கி அவர்களை நோக்கி ஓடினார்கள். ஒவ்வொரு முகமாகத் தெரிந்தது. பாக்கியம் கடைசியில் வந்தாள். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது.

"எங்க கம்பெனி இல்ல. பக்கத்துக் கம்பெனி. காயப்போட்ட சரம் பத்திக்கிருச்சு" என்று மூச்சிரைக்கச் சொன்னாள். "அங்கன ஆள் யாருமில்ல. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாக. நாங்க காட்டு வழியா ஓடியாந்துட்டோம். வேன்காரன் எங்களுக்கு முன்னாடி ஓடிட்டான்."

யாரும் சிரிக்கவில்லை. "கையக் காட்டுடி. எங்கயாச்சும் சுட்டிருக்கா?" என்று எதிர்வீட்டுப் பெண் அதட்டினாள்.

பாக்கியம் இரண்டு கைகளையும் நீட்டினாள். உள்ளங்கையைக் காட்டினாள், திருப்பிப் புறங்கையைக் காட்டினாள். முழங்கை வரை வெள்ளி. காயம் ஒன்றும் இல்லை.

ஒயரில் உட்கார்ந்திருந்த பச்சைக்கு அதில் வேறு செய்தி இருந்தது. கை திரும்பிவிட்டது. தகரம் கீறுகிற அந்தக் குரலில் ஒரு கத்துக் கத்திவிட்டு, கூட்டத்தின் தலைக்கு மேலாக இறங்கி, நேராக வந்து பாக்கியத்தின் தோளில் உட்கார்ந்தது. அங்கிருந்து கை வழியாக நடந்து, பழத்தை எதிர்பார்த்து, உள்ளங்கைக்கு வந்து நின்றது.

பாக்கியம் அசையவில்லை. நிறைந்த குடம் இரண்டைத் தாங்குகிறவள் மாதிரி இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, மெல்ல, "ஏலே, போலே அங்கிட்டு. கை கழுவலலே" என்றாள். அது போகவில்லை. வெள்ளி விரலை ஒவ்வொன்றாகக் கவ்விப் பார்த்தது.

"கிளி பாஸ் போட்டுருச்சு" என்றாள் எதிர்வீட்டுப் பெண். "இனி அவளை உள்ள விடுங்கடி."

அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடிக்காமலே இரண்டொருவர் அழுதார்கள். நிலா ஓடிப்போய்ப் பாக்கியத்தின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"தள்ளுத்தா. மேலெல்லாம் மருந்து. பாவாடை அழுக்காயிரும்."

"ஆகட்டும்" என்றாள் நிலா.

வீட்டுக்குள் வந்ததும் நிலா ஒரு காரியம் செய்தாள். கிளியின் வாலிலும் வயிற்றிலும் அலுமினியத் தூள் ஒட்டியிருந்தது. ஈரத் துணியால் அதைத் துடைத்தாள். வெள்ளி வந்தது. இன்னும் துடைத்தாள். வெள்ளி நின்றுபோனது, மஞ்சள் துளிகூட வரவில்லை. துணியைப் பாக்கியத்திடம் நீட்டினாள். பாக்கியம் அதை வாங்கி முன்பக்கம் பார்த்தாள், திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பிறகு குழாயடிக்குப் போய், எண்ணெய் தேய்த்து, சோப்புப் போட்டு, மறுபடி சோப்புப் போட்டு வந்து, நிலைப்படியைத் தாண்டி உள்ளே உட்கார்ந்து, நிலாவின் தலையைப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தாள். அன்று யாரும் சாகவில்லை என்பதால் வெடித்தது செய்தித்தாளில் வரவில்லை.

காதர் பாய் அடுத்த தடவை சென்னை போனபோது அந்த வாடிக்கையாளரிடம் கேட்டுவிட்டு வந்தார். "இந்த ஜாதிக்கு அப்படித்தானாம் சார். குஞ்சுல பச்சையா இருக்குமாம். வளர வளரப் பழம் மாதிரி ஆயிருமாம். உள்ளருந்தே வர்ற கலரு. இதை அன்னைக்கே சொல்லிருக்கலாம்லனு கேட்டேன். நீங்க கேக்கலையேங்கிறாரு." நெஞ்சு இறகு தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் முளைத்துவிட்டது. முளைக்கும்போதே ஆரஞ்சாக முளைத்தது. தெரு அதற்குப் பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டது. பச்சை என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

இந்த ஜாதிக் கிளி மனிதனின் பணிக்காலம் அளவுக்கு வாழும் என்பதையும் பாய் கேட்டுவரவில்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அது இன்னும் பணியில் இருக்கிறது. நிலா வெளியூரில் இருக்கிறாள். வீடியோவில் என்னைப் பார்த்ததும் கேமராவைக் கூண்டுப் பக்கம் திருப்பச் சொல்கிறாள். இப்போது வெளிநாட்டுப் பறவைகளையும் பதிவு செய்ய வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. இணையத்தில் உட்கார்ந்து முறைப்படி பதிவு செய்தேன். இனி மொட்டைப் பெட்டிஷன் வந்தாலும் கவலையில்லை. அதை எழுதக்கூடிய ஆட்கள்தான் யாரும் தெருவில் மிச்சமில்லை. பாக்கியம் முழங்கால் தேய்ந்துபோய், சரம் பின்ன உட்கார முடியாமல், காரியாபட்டியில் மகன் கடை வைத்திருக்கிற வீட்டுக்குப் போய்விட்டாள். எப்போதாவது ஃபோனில், "அந்தப் பய இருக்கானா சார்?" என்று கேட்பாள். ஆணா பெண்ணா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. தெருமுனையில் இப்போது வேன் நிற்பதில்லை. கேபிள் ஒயர் இல்லை. தூரத்தில் சத்தம் கேட்டால் யாரும் மாடிக்கு ஏறுவதில்லை. புகை எழுந்து முடிப்பதற்குள் கைபேசியில் படம் வந்துவிடுகிறது. எல்லாரும் குனிந்து பார்க்கிறார்கள். நான் மட்டும் பழக்கதோஷத்தில் படியில் கால் வைத்துவிட்டு நிற்கிறேன்.

காலையில் கூண்டைத் திறந்து, பச்சையின் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டுகிறேன். முன்னால் காட்டி, பின்னால் காட்டுகிறேன். கையெழுத்துப் போட்ட மையைத் தவிர எதுவும் படாத கைகள். காட்டுவதற்கு அவற்றில் ஒன்றும் இல்லை. அது தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கிறது. பிறகு என்னைத் தாண்டி, நிலைப்படிப் பக்கம் கொஞ்ச நேரம் பார்க்கிறது. அதற்குப் பிறகுதான் வருகிறது.